மூன்று கால் டிரான்சிஸ்டரும் நானும்

இனி இந்த வீட்டில் எது கெட்டாலும் மெக்கானிக் வாசலை மிதிக்கக்கூடாது, நானே பார்த்துக்கொள்வேன் என்று நான் அறிவித்த மறுநாளே என் மனைவியின் மெஷின் மக்கர் செய்தது.

அவள் பெயர்ப்பலகை செதுக்குகிறவள். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய மெஷின். ஸ்டெப்பர் மோட்டார்கள் அடியடியாக நகர்ந்து எழுத்து வெட்டும். அடுத்த நாள் திறக்கவிருந்த ஆஸ்பத்திரிக்குக் கதவுப் பலகைகள் வெட்டும்போது ஒரு மோட்டார் மட்டும் நகராமல் உறுமியது. ‘மகப்பேறு’ என்று வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு நேர்கோடு.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அதை ஓட்டுற டிரைவ்லதான் டிரான்சிஸ்டர் போயிருக்கும். நான் பாத்துக்கறேன்.”

“நீங்க ஸ்கூட்டரையே நேரா ஓட்டமாட்டீங்களே.”

“இது வேற டிரைவ்.”

“சரி, நானே கழட்டித் தரேன். நீங்க கழட்டினா ஸ்க்ரூ குறையும்.”

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டிரைவ் பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

“மாடி ரூம்ல வச்சுப் பாருங்க. கதவைச் சாத்திக்குங்க. புகை கீழே வரக்கூடாது.”

“புகை ஏன் வரணும்?”

“நீங்கதானே பாக்கப்போறீங்க.”

மாடியில் மத்தியானம் வரை மீட்டரை வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். எந்தக் காலில் வைத்தாலும் மீட்டர் கத்தியது. ஆள் காலி. புதிதாக ஒன்றைப் பற்றவைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

டப்.

கீழேயிருந்து குரல் வந்தது. “என்ன சத்தம்?”

“சோதனை.”

“யாருக்கு?”

இன்னொன்றைப் போட்டேன். அது இன்னும் சீக்கிரமாக வெடித்தது. நாளைக்குப் பலகை இல்லாத ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்கு வந்தவள் பல் டாக்டர் அறைக்குள் போய் உட்காருவாள். அவர் வாயைத் திறக்கச் சொல்வார். எல்லாம் என்னால்.

வீம்பை விட்டேன். ரகசியமாக மெக்கானிக்கிடம் போய்ச் சரிசெய்து, நானே செய்ததாகக் கொண்டுவந்து மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பூனைபோல் இறங்கினேன். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் உள்ளேயிருந்து.

“காய் வாங்க.”

“நல்லது. அவசரமில்லை, மெதுவா வாங்க.”

என்ன காய் என்றுகூடக் கேட்கவில்லை.

மெக்கானிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, எப்படியாவது காப்பாத்துங்க. நான்தான் சரி பண்ணேன்னு இருக்கணும். வீட்டுல தெரியக்கூடாது.”

“டிரான்சிஸ்டரை மட்டும் மாத்தினீங்களா? பக்கத்துல இருக்கிற டயோடு செத்திருந்தா, எத்தனை புதுசு போட்டாலும் அதுவும் கூடவே போகும். காலையில உங்க வீட்டம்மாகிட்டகூடச் சொன்னேனே.”

“அவ இங்க வந்தாளா?”

“மெஷின்ல இருந்த டிரைவைக் கொண்டு வந்தாங்க. உடனே பாத்துக் குடுத்துட்டேன். இந்நேரம் பாதிப் பலகை வெட்டி முடிச்சிருப்பாங்க.”

“அப்ப இது?”

“இது உதிரிப் பாகத்துக்காகப் போன வருஷம் என்கிட்ட வாங்கிட்டுப் போன செத்த டிரைவ். உங்களுக்கு விளையாட ஒண்ணு வேணுமேன்னு குடுத்திருப்பாங்க.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க சார். எப்படியும் இங்க வருவீங்க, சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கம் விடாதீங்கன்னு சொல்லி, அதுக்கும் சேர்த்துத்தான் கூலி குடுத்துட்டுப் போயிருக்காங்க.”