கழித்தல் ஆறு கிலோ

மனிதகுல வரலாற்றில் நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க நிகழ்ச்சி, குடிநீர் அலுவலகத்தின் முதல் மாடிக்கு எடை பார்க்கும் இயந்திரம் வந்து சேர்ந்ததுதான். நெருப்பைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரியாது. சக்கரத்துக்கும் கோப்பு கிடையாது. ஆனால் எடை இயந்திரத்தை வரவழைத்தவர் தலைமை அதிகாரிதான் என்பதற்குச் சுற்றறிக்கையே இருக்கிறது.

“ஊழியர்களின் உடல் தகுதியே துறையின் தகுதி” என்று தொடங்கிய அந்தச் சுற்றறிக்கை, உடல் தகுதி என்றால் என்ன என்பதையும் ஒரே வரியில் சொல்லி முடித்தது: “தகுதி என்பது மூன்று மாதத்தில் குறைந்த எடையாகும்.” மருத்துவர்கள் ஆயுள் முழுக்கப் படித்தும் எட்டாத முடிவை அதிகாரி நாற்காலியை விட்டு எழாமலே எட்டிவிட்டார். இயந்திரம் நூற்றிருபது கிலோவுக்கு மேல் காட்டாது என்பதால் அவர் மட்டும் திட்டத்திலிருந்து விலகி நின்றார். ஊழியர்கள் அதைத் தியாகம் என்றே பேசிக்கொண்டார்கள்.

இந்தத் திட்டத்துக்கான படிவத்தைத் தயாரித்தவர் படிவப் பிரிவு எழுத்தர். ஐம்பத்தொரு கிலோ. அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் குச்சி என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருப்பதாகக் கேள்வி. பெயர், பிரிவு, குறைந்த எடை என்று மூன்று கட்டங்கள் போட்டதும் தாளின் அகலம் தீர்ந்துவிட்டது. எடை கூடுகிறவன் ஒருவன் இருப்பான் என்று அவர் நினைக்கவில்லை. அந்த ஒருவன் தானேதான் என்று சுத்தமாக நினைக்கவில்லை.

குச்சி பிறவியிலேயே நாற்காலிக்காரர் அல்ல. பதினோரு வருடத்துக்கு முன்பு தொட்டி ஆய்வாளரின் உதவியாளராக, ஊரில் உள்ள மேல்நிலைத் தொட்டிகளில் எல்லாம் ஏறி இறங்கியவர். படிவப் பிரிவில் ஆள் குறைகிறது, ஒரு வாரம் வந்து உட்காருங்கள் என்றார்கள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் கால்கள் வாழைத்தண்டாயின. ஒருநாள் மின்தூக்கி நின்றுபோக, கோப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு நடந்தவர் இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கடைநிலை ஊழியர், வாசலில் கிடக்கும் கால்மிதியைத் தாண்டுவதுபோல் அவரைத் தாண்டிப் போனார்.

அந்த வாரமே தொட்டி ஆய்வாளர் பதவி காலியானது. நூற்றுப் பதினெட்டு இரும்புப் படிகள், உச்சியில் காற்று, கண்ணுக்கெட்டியவரை கூரைகள். குச்சிக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. “உடல் தகுதித் திட்டத்தில் தேறியவருக்கே பதவி” என்று அறிவிப்பு வந்தது. அதைத் தட்டச்சு செய்ததும் அவரேதான்.

மனைவியின் தம்பி டயர் கடைக்கு மேலே ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி வந்தான். முதல் நாள் குச்சி அங்கே தூக்கியது வெறும் கம்பியை. இரண்டு பக்கமும் எடை எதுவும் மாட்டாத கம்பி. அதுவும் பாதி வழியில் நின்றுவிட, மைத்துனன் ஒரு விரலால் மிச்சத்தைத் தூக்கி வைத்தான்.

“மாமா, உங்களுக்குத் தசைன்னு ஒண்ணு இருக்கிறதையே உங்க உடம்பு மறந்துடுச்சு. மெதுவாத்தான் ஞாபகப்படுத்தணும்” என்றான்.

ஞாபகப்படுத்தும் வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. முட்டை, பால், வேர்க்கடலை என்று வீட்டில் தனி அலமாரியே ஒதுக்கப்பட்டது. முதல் மாதம் குச்சி மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினார். நண்டு என்று ஒரு துணைப்பெயர் கிடைத்தது. இரண்டாம் மாதம் சட்டைக் கைகள் இறுகின. மூன்றாம் மாதம் மனைவி அவரைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தாள். கோப்புகளோடு மூன்று மாடி ஏறியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. இப்போது எடை ஐம்பத்தேழு.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு காலையில், தன்னைத்தானே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் தொட்டிக்குப் போனார். அலுவலகத்துக்கும் பின்னாலுள்ள நான்கு தெருக்களுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். காவலாளி படியில் காயப்போட்டிருந்த வேட்டியை எடுத்துக்கொண்டு வழிவிட்டார். இதில் ஆள் ஏறிப் பார்த்து நாலு வருடமாகிறது என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்.

குச்சி ஓர் இடத்திலும் நிற்காமல் ஏறினார். உச்சியில் காற்று அடித்தது. கூரைகள் தெரிந்தன. பதினோரு வருடத்துக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூடி துருப்பிடித்து உள்ளே விழுந்து கிடந்தது. தண்ணீரில் மூன்று புறாக்கள் மிதந்தன. அவற்றுக்குத் துணையாக ஒரு ரப்பர் செருப்பும்.

மறுநாள் அலுவலகத்தில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். பதவிக்காகக் கதை கட்டுகிறார் என்று சிரித்தார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்கு மேல் “கொதிக்க வைத்துக் குடிக்கவும்” என்று ஒரு தாளை ஒட்டினார். அனுமதி பெறாத விளம்பரம் என்று அரை மணி நேரத்தில் கிழித்தார்கள். வீட்டிலிருந்து ஆறவைத்த வெந்நீரைப் புட்டியில் கொண்டுவர ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை நலக்குழு கூடியது. குழு என்றால் அதிகாரியும் கண்காணிப்பாளர் அம்மாவும்.

“இப்போ எடை?” என்றார் அதிகாரி.

“ஐம்பத்தேழு சார்.”

“முன்னாடி?”

“ஐம்பத்தொண்ணு.”

கண்காணிப்பாளர் அம்மா ‘குறைந்த எடை’ கட்டத்தில் கழித்தல் ஆறு என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மூணு மாசத்துல மைனஸ் ஆறு. நம்ம ஆபீஸ்ல யாருமே இவ்வளவு மோசமாப் போனதில்ல சார்.”

“சார், இப்போ மாடி ஏறினா எனக்கு மூச்சே வாங்கல” என்றார் குச்சி.

“மூச்சுக்குக் கட்டம் இருக்கா?”

“இல்ல சார்.”

“இந்தப் படிவத்தைப் போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

அதிகாரிக்கு உண்மையிலேயே வருத்தம். அடுத்த முறை இன்னும் நன்றாக முயற்சி செய்யுங்கள் என்று ஆறுதல் சொன்னார்.

குச்சி எழுந்து போகவில்லை. பதவி போனால் போகட்டும், தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் என்று மூடி, புறா, செருப்பு மூன்றையும் வரிசையாகச் சொன்னார்.

“ஏறச் சொல்லி உங்களுக்கு உத்தரவு இருந்துதா?”

“இல்ல சார்.”

“அப்போ நீங்க பார்த்ததை நாங்க பார்த்ததா எடுத்துக்க முடியாது. நீங்களும் பார்க்காத மாதிரியே இருந்துக்குங்க.”

கூட்டக் குறிப்பில், “விண்ணப்பதாரர் பறவைகள் குறித்துச் சிறிது நேரம் உரையாற்றினார்” என்று பதிவானது.

பதவி, தபால் பிரிவில் எல்லோரும் திண்டு என்று கூப்பிடும் ஊழியருக்குக் கிடைத்தது. நூற்று நான்கு கிலோவிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு இறங்கிய சாதனையாளர். சாதனைக்கு அவர் கடைப்பிடித்த முறை வயிற்றுப்போக்கு. அலுவலகக் குழாய்த் தண்ணீரை மற்றவர்களைவிட இரண்டு செம்பு அதிகமாகக் குடிக்கும் பழக்கம் அவருக்கு. மூன்று வாரமாக மருத்துவமனையில் இருந்தார். எடை இயந்திரத்தை அங்கேயே தூக்கிக்கொண்டு போனார்கள். நிற்க முடியாதவரை இரண்டு செவிலியர்கள் தாங்கிப் பிடிக்க, முள் நின்ற இடத்தைப் பார்த்துக் கண்காணிப்பாளர் அம்மா கைதட்டினார். கையோடு கொண்டுபோன ஆய்வுப் பதிவேட்டையும் நீட்டினார். குளுக்கோஸ் ஏறாத கையால் திண்டு தன் முதல் ஆய்வறிக்கையை எழுதினார்: “தொட்டி நன்று.”

அதன்பின் திட்டம் அடைந்த வெற்றியை எந்த இலாகாவும் கண்டதில்லை. அடுத்த மாதக் கணக்கெடுப்பில் தபால் பிரிவு சராசரியாக நான்கு கிலோ குறைந்திருந்தது. கண்காணிப்பாளர் அம்மா ஐந்தரை. தலைமை அதிகாரியே நூற்றுப் பதினாறுக்கு வந்து, முதன்முறையாக இயந்திரத்தின் எல்லைக்குள் காலடி வைத்தார். விடுப்பு விண்ணப்பங்களும் மருத்துவச் சான்றிதழ்களும் குவிந்தன. அவற்றைத் திட்டத்தின் வளர்ச்சி அறிக்கையோடு இணைத்தார்கள். பின்னாலிருந்த நான்கு தெருக்களுக்கும் திட்டம் பரவியது. அங்கே கைக்குழந்தைகள்கூட அரைக்கிலோ, முக்கால் கிலோ என்று தங்களால் இயன்றதைக் குறைத்தார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கேடயம் வந்தது. வாங்க எழுந்து நிற்கும் நிலையில் யாரும் இல்லாததால் அதைக் குச்சிதான் ஒற்றைக் கையால் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.

மொத்த அலுவலகத்திலும் ஒரே ஒருவர் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அவருக்குக் குறிப்பாணை வந்தது: “அலுவலகமே ஒற்றுமையாக எடை குறைந்த மாதத்தில் தாங்கள் மட்டும் ஒத்துழைக்காததன் காரணம் என்ன? மூன்று நாட்களுக்குள் விளக்கவும்.”

குச்சி அன்றே பதில் எழுதினார். “நான் தொட்டியைப் பார்த்தேன். அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன்.”

பதில் மருத்துவமனைக்குப் போனது. அதிகாரி படுத்தபடியே அதை இரண்டு முறை படித்தார். பேனா வாங்கி, ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்:

“ஊழியர் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்.”