வாசலில் நின்ற பேட்டரி

வெங்கடேசன் கடைக்குப் போய்ப் பூமாலையோடு மண்டபத்துக்குத் திரும்புவதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மெட்டல் டிடெக்டர் கேட் முளைத்திருந்தது. பக்கத்தில், கறுப்பு சஃபாரியில், அஜித்குமார் என்றொரு பவுன்சர்.

"மந்திரி வராரு. இதுல பூந்துதான் போவணும்."

"நான் பொண்ணோட அப்பன்யா!"

"யாரா இருந்தா இன்னா?"

முகூர்த்தத்துக்குப் பத்தே நிமிஷம். "உங்க கை ஆடுது, உங்க தம்பி தாரை வாக்கட்டும்" என்று நிச்சயதார்த்தத்தன்றே சபையில் சொன்னவர் சம்பந்தி தெய்வசிகாமணி. அந்தச் சொல்லுக்காகத்தான் வெங்கடேசன் மூங்கில்துறைப்பட்டுக் கரும்புக் கொல்லையை விட்டுச் சென்னைக்குப் போய் மண்டையைத் திறந்துகொண்டு வந்தார். தாரை அவர் கையால்தான்.

"தம்பி, எனக்கு மூளையில வயரு வெச்சிருக்காங்க. நெஞ்சுல பேட்டரி. மூளையில ஒரு எடம் கண்டபடி கூச்சல் போட்டு கைய ஆட்டுது. பேட்டரி பொடிக் கரண்டு உட்டு அத்த அடக்கி வெக்குது. இந்த மாதிரி கேட்டுல பூந்தா ஆஃப் ஆனாலும் ஆயிடும்னு டாக்டரு சொன்னாரு. தோ, ஆஸ்பத்திரி கார்டு."

பையில் கைவிட்டார். கார்டுக்கு முன்னால் பேட்டரியின் ரிமோட் வந்தது.

அஜித்குமார் கூட்டிப் பார்த்தான். வயர், பேட்டரி, ரிமோட். "பாம்!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினான். பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். மீதிப் பேர் வடை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

ஜரிகை அங்கவஸ்திரம் தரையைப் பெருக்க தெய்வசிகாமணி வந்தார். "இன்னா சம்பந்தி, மந்திரி வர நேரத்துல மானத்த வாங்குறீங்க?"

"அட, இது வைத்தியங்க! பாருங்க!" வெங்கடேசன் பட்டனை அமுக்கிக் காட்டினார். பேட்டரி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கை மாவு சலிக்கும் சல்லடையாக ஆட, ரிமோட் எகிறிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"ஆடுது பாருங்க. தம்பியக் கூப்பிடுங்கப்பா" என்றார் தெய்வசிகாமணி, பரம திருப்தியோடு.

"பொண்ணுக்கு அப்பா எங்க?" என்று மேடையிலிருந்து ஐயர் மைக்கில் கூப்பிட்டார்.

வெங்கடேசன் துண்டை இடுப்பில் இறுக்கினார். அணைந்த பேட்டரியை இனி எந்தக் கேட் அணைக்கும்? நேரே நுழைந்தார். கேட் ஒரு 'பீப்' கூடச் சொல்லவில்லை. ஆடுகிற கையால் ரிமோட்டைப் பிடித்து அமுக்கினார்; மூன்றாவது தடவைதான் பட்டன் சிக்கியது. மேடை ஏறும்போது கை கல்லாக நின்றது. மகள் ஜெயசுதாவின் கையைப் பிடித்துக் கொடுக்கையில் மனைவி அம்சவள்ளி ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சிதறவில்லை.

அப்போது பந்தல்காரர் மாயவன் மேடையேறி, ஐயரின் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று, தெய்வசிகாமணியிடம் பணிவாகக் கேட்டார்:

"ஐயா, நீங்க ஆர்டர் குடுத்த தெர்மாகோல் கேட்டு, பவுன்சரு ரெண்டு வேலையும் முடிஞ்சிச்சி, மந்திரி வேஷம் கட்டுனவரு டீக்கடையிலயே உக்காந்துகினு கீறாரு, அவர இப்ப அனுப்பட்டுமா?"