நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட்

"லிஃப்ட்டா?" என்று கேட்டார் காவலாளி.

சரக்கு வாசலில் நின்ற மெக்கானிக்குக் கேள்வி புரியவில்லை. அவர் கேட்க வந்தது வேறு. பயணிகள் வாசலை எப்போது திறப்பார்கள், முதல் ஆளாக எங்கே நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் காவலாளி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையைப் பார்த்தார். லிஃப்ட் கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. தோளில் ஸ்பேனரும் திருப்புளியும் குலுங்கும் பை.

புதுச் சட்டை பெட்டிக்குள் இருந்தது. வழியில் கசங்கிவிடும், கப்பலில் ஏறிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் மனைவி. உல்லாசப் பயணத்துக்குக் கருவிப் பை எதற்கு என்று கேட்டவளும் அவள்தான். "என் கையைக் கழட்டி வீட்ல வெச்சிட்டு வரச் சொல்றியா?" என்று பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"உங்களைத்தான். லிஃப்ட் வேலைதானே?"

காவலாளிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று மாடி மாடியாகக் கப்பல் நின்றது. மெக்கானிக் பொய்யே பேசாதவர் என்று சொல்ல முடியாது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் 'இதோ பக்கத்துலதான் வந்துட்டிருக்கேன்' என்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறவர்தான். இன்று வாயைக்கூடத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப ஏன் நிக்கிறீங்க? போங்க, போங்க. வழியில நின்னா லாரி எப்படி உள்ள வரும்?"

கப்பலுக்குள் காலை வைத்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி மனைவிக்கு போன் போட்டார்.

"உள்ள வந்துட்டேன்!"

"எதுக்குள்ள?"

"கப்பலுக்குள்ளதான். நீ பெட்டியோட அந்தக் காபிக் கடையிலேயே இரு. வாசல் திறந்ததும் வா. நான் மேல போய் அந்த ரெண்டு நாற்காலியைப் பிடிச்சு வெச்சிடறேன்."



"நிஜமாவா? அந்தப் படத்துல இருக்கே, அந்த நாற்காலியா?"

"அதேதான்."

"ஏங்க, காபிக் காசைக் கொடுத்துட்டு இப்பவே எழுந்து நிக்கறேன்."

அந்தப் படத்தை அவள் விளம்பரத் தாளிலிருந்து வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். கப்பலின் மூக்கு. கம்பியை ஒட்டி இரண்டே இரண்டு நாற்காலிகள். அவற்றுக்கு முன்னால் கடல் மட்டும்தான், மனிதர்கள் யாரும் இல்லை. அந்த 'யாரும் இல்லை'தான் அவளுக்கு முக்கியம். ஏனென்றால் அவளுக்கு ஓர் அக்கா உண்டு. காரில் முன் சீட், பஸ்ஸில் ஜன்னலோரம் எல்லாம் பிறந்ததிலிருந்தே அக்காவுக்கு எழுதி வைத்தது. இவளுடைய கல்யாணப் போட்டோவிலேயே அக்காவின் தோளுக்குப் பின்னால் இவளுக்கு அரை முகம்தான். ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "பொண்ணு எங்க?" என்று கேட்பார்கள்.

இந்தப் பயணத்துக்கும் அக்கா வருகிறாள். அக்காவின் கணவர், அதாவது மெக்கானிக்கின் சகலை, தங்க நிற அட்டை வாங்கியிருந்தார். அந்த அட்டைக்காரர்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். "நாங்க முன்னாடி போய் நல்ல இடமாப் பிடிச்சு உட்கார்ந்துக்கறோம். நீங்க ஆற அமர வாங்க சகலை" என்று நேற்று போனில் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மெக்கானிக்கைக் காலையில் எழுப்பியது.

லிஃப்ட்டின் பட்டனை அழுத்தினார். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்பினார்.

வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, தோளில் தங்கப் பட்டை, தலையில் தொப்பி, கக்கத்தில் ஒரு குட்டைக் கோல். ஆபீசர்! இருவரும் ஒரு கணம் விறைத்து நின்றார்கள்.

"யாருப்பா நீ?" என்றார் ஆபீசர். கணீரென்ற குரல்.

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் வந்து, மணியடித்து, கதவை அகலத் திறந்து காட்டியது.

"நல்லாத்தானே ஓடுது?"

"அதான் சார். எப்படி இவ்வளவு நல்லா ஓடுதுன்னு பார்க்க வந்தேன்."

ஆபீசர் போய்விடுவார் என்று நினைத்தார். அவரோ கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். வேறு வழியில்லை. மெக்கானிக் திருப்புளியை எடுத்துப் பட்டன் பலகையைக் கழற்றினார். உள்ளே எல்லாம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று ஒன்றைக் கழற்றி ஊதினார். இன்னொன்றைக் கழற்றித் துடைத்தார். விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு முனகலோடு நின்றுபோனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று.

"இப்பதான் சார் பிரச்சினை என்னன்னு தெரியுது" என்றார், நெற்றியைத் துடைத்தபடி.

"அது அப்புறம். முதல்ல மேல வா, ஒரு வேலை இருக்கு. படியிலேயே போலாம். லெஃப்ட், ரைட், லெஃப்ட்!"

ஆபீசர் தாளம் தப்பாமல் ஏறினார். வழியில் பெட்டி தூக்கிப் போன கப்பல்காரர்கள் எல்லாம் சல்யூட் அடித்தார்கள். ஆபீசர் கோலை உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனிதரோடு போகிறோம் என்று மெக்கானிக் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டார்.

மேல்தளத்துக் கதவின் தாழ்ப்பாள் உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தது. மெக்கானிக் எண்ணெய் விட்டு, தட்டி, திறந்தார். காற்று முகத்தில் வந்து மோதியது. எதிரே கப்பலின் மூக்கு. ஃபிரிட்ஜ் கதவில் பார்த்த அதே கம்பி, அதே கடல்! ஓரமாகத் தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலிகள் அடுக்கியிருந்தன.

"அதுல நல்லதா ரெண்டு எடு. கம்பிகிட்ட போடு" என்றார் ஆபீசர்.

மெக்கானிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறதே! ஓடிப்போய்த் தூக்கி வந்து போட்டார்.

"வரிசை நேரா இருக்கணும். இடது பக்கம் இருக்கறது கொஞ்சம் பின்னாடி. ம்ம்... அப்படியே. அசையாதே!"

"நாற்காலி எப்படி சார் அசையும்?"

"உன்னைச் சொன்னேன்."

பிறகு ஆபீசர் ஒரு கயிற்றை எடுத்து நாற்காலிகளைச் சுற்றிக் கட்டச் சொன்னார். "இது ரொம்ப முக்கியமானவங்களுக்கு. ஒரு பய உட்காரக் கூடாது. நான் இங்கேயே காவலுக்கு நிக்கறேன். நீ போய் லிஃப்ட்டைப் பாரு."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஆகிவிட்டது. மனைவிக்காகப் பிடிக்க வந்த நாற்காலியை அவரே துடைத்து, அவரே நேராக்கி, அவரே கயிறு கட்டி யாரோ ஒரு முக்கியஸ்தருக்குக் கொடுத்துவிட்டார். வாய் திறந்து கேட்கவும் முடியாது. கேட்டால், நீ யார் என்பார்.

அப்போது கப்பல் ஒருமுறை ஊதியது. ஆபீசர் முகத்தைச் சுளித்தார். "ஊதறவனுக்கு மூச்சே பத்தலை" என்றார்.

மெக்கானிக் கீழே ஓடினார். பயணிகள் வாசல் திறந்துவிட்டது. தங்க நிற அட்டைகள் பளபளவென்று ஏறிக்கொண்டிருந்தன. அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டி, பலகையை மூடினார். விளக்கு எரிந்தது. கையில் மட்டும் ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சியது. அதை எங்கே மாட்டுவது என்று அவர் யோசிப்பதற்குள், "தள்ளுங்க, தள்ளுங்க, தங்க அட்டை!" என்று ஒரு குரல் கேட்டது. மெக்கானிக் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சகலையும் அக்காவும் லிஃப்ட்டில் ஏறினார்கள். கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது. பாதியில் நின்றது.

ஸ்பிரிங் எங்கே மாட்டவேண்டியது என்று இப்போது தெரிந்துவிட்டது.

உள்ளே அக்கா போட்ட கூச்சல் கப்பல் சங்கைவிடப் பெரிதாக இருந்தது. கூட்டம் சேர்ந்தது. யாரோ கப்பல்காரர், "கவலைப்படாதீங்க, மெக்கானிக் இங்கேயே இருக்கார்" என்று சொல்லி அவர் முதுகைத் தட்டினார்.

அதே நேரம் மனைவி இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "டிக்கெட் பார்க்கறவர் வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டார். உள்ள வேலையா இருக்கார்னேன். அந்த நீலச் சட்டையான்னு எட்டிப் பார்த்துட்டு முத்திரை குத்திட்டார்! நாற்காலி பிடிச்சாச்சா?"

மெக்கானிக் அவள் காதோரம் குனிந்தார். "உங்க அக்காவும் சகலையும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. நீ ஓடு. மேல காவலுக்கு நிக்கற ஆபீசரைக் கெஞ்சிக் கூத்தாடியாவது உட்கார்ந்துடு. நான் இதை மெதுவாத் திறக்கறேன். ரொம்ப மெதுவா."

அவள் கண் ஒரு நொடி மின்னியது. படியில் நாலு அடி ஏறியும்விட்டாள். அப்போது லிஃப்ட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "சின்னவளே, அது உன் குரல்தானே? எனக்கு இருட்டுன்னா பயம்டி. எங்கேயும் போயிடாதே!"

அவள் நின்றாள். மேலே பார்த்தாள். பெருமூச்சு விட்டு இறங்கி வந்தாள்.

"போகலைக்கா. இங்கேயேதான் இருக்கேன்" என்று கதவில் வாயை வைத்துச் சொன்னாள். கணவர் பக்கம் திரும்பினாள். "சீக்கிரம் திறங்க. பாவம், அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

மெக்கானிக்கு அவள்மேல் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக வேறென்னவோ வந்தது. மளமளவென்று ஸ்பிரிங்கை மாட்டினார். லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்தது. அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். சகலை கசங்கிய அட்டையால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். "கப்பலா இது? முதல்ல இங்க வேலை பார்க்கற மெக்கானிக்கை... அட, சகலை! நீங்களா?"

"நல்லவேளை, நான் பக்கத்துலேயே இருந்தேன்" என்றார் மெக்கானிக்.

மனைவி அந்த இடத்திலேயே பெட்டியைத் திறந்து, நீலச் சட்டையைக் கழற்றவைத்து, புதுச் சட்டையை மாட்டிவிட்டாள். நால்வரும் படியேறினார்கள். லிஃப்ட்டில் ஏற அக்காவுக்கு இனி இந்த ஜென்மத்தில் தைரியம் வராது.

மேலே கூட்டம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகளும் காலியாக, நேர் வரிசையில் இருந்தன. ஆபீசர் கோலோடு நின்றார். மனைவி கயிற்றைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. "பரவாயில்லைங்க, இங்கேருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியுது" என்று அக்காவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அந்த அரை முகம்! கல்யாணப் போட்டோவில் பார்த்த அதே அரை முகம்!

மெக்கானிக் கயிற்றைத் தாண்டினார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் இந்தக் கப்பல் மெக்கானிக் இல்லை. டிக்கெட் வாங்கின பயணி. சீக்கிரம் ஏறணும்னு சரக்கு வாசல் வழியா ஏமாத்தி உள்ள வந்துட்டேன். என்னை இறக்கி விடணும்னாலும் விடுங்க. ஆனா என் பெண்டாட்டி அஞ்சு நிமிஷமாவது அந்த நாற்காலியில உட்காரட்டும் சார். இதுவரைக்கும் எதுலயும் அவ முன்னாடி உட்கார்ந்ததே இல்லை."

ஆபீசரின் முகம் அவருடைய கோட்டைவிட வெளுத்தது. தொப்பியைக் கழற்றினார். எச்சில் விழுங்கினார். மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"உட்காரச் சொல்லுங்க, அண்ணே" என்றார் மெல்லிய குரலில். "தாராளமா உட்காரச் சொல்லுங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லவேண்டாம்."

அவரே குனிந்து கயிற்றை அவிழ்த்தார். இவ்வளவு பெரிய பதவியில் இவ்வளவு பெரிய மனசா என்று மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி போய் உட்கார்ந்தாள். கால் தரையில் நிற்கவில்லை, சின்னப் பெண்ணைப் போல ஆட்டிக்கொண்டிருந்தாள். கப்பல் நீளமாக ஊதியது, கரை மெல்ல நகர்ந்தது, கூட்டம் 'ஹோ'வென்று கத்தியது. சகலை போன் கேமராவைத் தூக்கினார்.

"அக்கா, நீயும் வா. என் பின்னாடி நில்லு" என்றாள் அவள். "கொஞ்சம் குனிஞ்சுக்கோ. பாதி முகம் தெரிஞ்சா போதும்."

அக்கா முறைத்தாள். ஆனால் குனிந்தாள்.

அப்போது இரண்டு கைகளிலும் பைகளோடு ஒரு குண்டு அம்மாள் மூச்சிரைக்க வந்தாள். நேராக இன்னொரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "அப்பாடா, சொன்னபடியே பிடிச்சு வெச்சிட்டாரே" என்றாள். ஆபீசர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, ஆபீசர் சாரோட வீட்டுக்காரங்களா?" என்று புதுச் சட்டை மெக்கானிக் கை கூப்பினார். "உங்க வீட்டுக்காரர் தெய்வம்மா!"

"யாரு, இவரா ஆபீசர்?" அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல பேண்டு வாத்திய மாஸ்டருங்க இவரு! முன்னால யாரோ ஒரு லிஃப்ட் மெக்கானிக் உள்ள போனாராம், அவர் பின்னாலேயே இந்த உடுப்போட நுழைஞ்சுட்டு, 'அந்த மெக்கானிக் மட்டும் என்னைக் கண்டுபிடிச்சிடக் கூடாது'ன்னு காலையிலேருந்து போன்ல நடுங்கிக்கிட்டே இருந்தாரு!"