சிவக்க வேண்டிய முகம்

மணி ஏழு பதினான்கு. இன்னும் ஆறு நிமிடத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் முகம் சிவந்தாக வேண்டும். அதைச் சிவக்க வைக்க வேண்டிய மாத்திரையோ அவருடைய பனியனுக்குள் பத்திரமாக இருந்தது.

எதிரே மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். தேர்வு அறையில் அவள் கண்ணில் மண்ணைத் தூவியவன் இன்னும் பிறக்கவில்லை.

"மாத்திரை போட்டீங்கதானே?"

"உன் கண்ணு முன்னாடிதானே வாயில போட்டேன்!"

"இருபது நிமிஷத்துல முகம் சிவக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பாப்போம்."

விஷயம் இதுதான். கம்பெனி பரிசோதனையில் அவருடைய ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு நானூற்றுப் பத்து என்று வந்துவிட்டது. மூன்று மாதத்தில் இருநூறுக்குக் கீழே இறங்காவிட்டால் தகுதிச் சான்றிதழ் கிடையாது. இருபத்தாறு வருடம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்த்த மனிதர், கிடங்கில் உட்கார்ந்து போல்ட்டு பொறுக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

முதலில் ஸ்டாட்டின் கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதைக் குறைக்கிற மாத்திரை. பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் 'சிலருக்குத் தசைவலி வரலாம்' என்று படித்தார். மாத்திரை தொண்டையைத் தாண்டுவதற்குள் இரண்டு காலும் வலித்தன. அடுத்தது நயாசின். ரத்தக்குழாய் விரிந்து முகம் கொஞ்ச நேரம் சிவக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். முதல் நாளே காதும் கழுத்தும் திகுதிகுவென்று எரிந்தன. இருபது மாடிக் குழிக்கு மேல் ஒற்றைக் காலில் நிற்கும் வீரர், பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துவிட்டார். சாவி என்னவோ எப்போதும் அவளிடம்தான் இருக்கும்.

"இன்னொரு சாக்கு சொன்னீங்க, நானே கம்பெனிக்குப் போன் பண்ணி உங்களைக் கிடங்குல போடச் சொல்லிடுவேன்" என்றாள் அவள். அன்றிலிருந்து மாத்திரை பனியனுக்குள் போக ஆரம்பித்தது.

ஏழு பதினெட்டுக்கு அவர் குளியலறைக்குள் ஓடிப்போய்த் தன் கன்னத்தில் தானே நாலு அறை விட்டுக்கொண்டு வந்தார்.

"என்னங்க, வலது பக்கம் மட்டும் சிவந்திருக்கு?"

"மருந்து இப்பதான் அந்தப் பக்கம் போயிருக்கு. இடது பக்கம் மெதுவா வரும்."

மறுநாள் வெந்நீர்த் துண்டால் முகத்தை ஒற்றிப் பார்த்தார்.

"தலையெல்லாம் ஏன் ஈரம்?"

"வேர்வை."

"காகிதத்துல வேர்வைன்னு போடலையே?"

மூன்றாம் நாள் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வீடு ஏழாவது மாடி. படியில் இறங்கி, குப்பையைக் கொட்டி, ஒரே மூச்சில் படியேறி ஓடி வந்தார். நெற்றி, மூக்கு, காது மடல் எல்லாம் ஒரே சிவப்பு.

"அப்பாடா! இப்பதான் மருந்து வேலை செய்யுது" என்று மனைவி மனம் குளிர்ந்தாள். அவருக்கும் மனம் குளிர்ந்தது. பேச்சுத்தான் வரவில்லை.

ஆனால் மூன்று வாரத்தில் இந்தப் பாழாய்ப்போன உடம்பு பழகிக்கொண்டது. ஒருமுறை ஏறினால் முகம் வெளுப்பாகவே இருந்தது. இரண்டுமுறை ஏறினார். அடுத்த மாதம் மூன்றுமுறை. நல்லவேளையாக மனைவிக்கு மறதி வந்துவிட்டது. தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்வாள். வந்து நின்றால், "ஐயோ, பெட்டிச் சாவியைக் குடுக்கவே மறந்துட்டேனே!" என்பாள். அவர் உள்ளுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடி ஓடுவார்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கட்டிடத்து லிஃப்ட்டைப் பராமரிப்பவரும் அவரேதான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவரைப் படியில் மடக்கினார்.

"அண்ணே, லிஃப்ட்ல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லையே."

"லிஃப்ட் மெக்கானிக் நீங்களே தினம் படியில ஓடுறீங்க. எங்ககிட்ட எதை மறைக்கிறீங்க?"

மறுநாளே பாதிப் பேர் படிக்கு மாறினார்கள். கம்பெனிக்குப் புகார் போயிற்று. சூப்பர்வைசர் போனில் காய்ச்சி எடுத்தார். "இன்னியிலிருந்து சாயங்காலம் எல்லார் முன்னாடியும் நீங்க லிஃப்ட்ல போகணும். புரியுதா?"

முகமும் சிவக்க வேண்டும், லிஃப்ட்டின் மானமும் போகக் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாருக்கும் கையசைத்துக்கொண்டே லிஃப்ட்டில் இறங்கினார். கூட்டம் கலைந்ததும் படியேறி ஓடினார்.

ஐந்தாம் மாடிக்காரர் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கும்போது ஒண்ணும் ஆகாது போல. ஏறும்போதுதான் ஆபத்து" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதோடு கட்டிடம் மொத்தமும் ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட் என்றாகிவிட்டது.

"முதல்ல சான்றிதழை வாங்கிட்டு வாங்க. அப்புறம் உங்களை வெச்சுக்கறேன்" என்றார் சூப்பர்வைசர்.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் மனைவியை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மாவின் அறைக்குள் போனார். முதல் நாளுக்குப் பிறகு ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை. எண் எப்படி இறங்கும்? கிடங்கும் போல்ட்டும் கண்முன் வந்து நின்றன.

டாக்டரம்மா காகிதத்தை இரண்டுமுறை பார்த்தார். "நூத்தி எழுபத்தெட்டு. எடையும் எட்டு கிலோ குறைஞ்சிருக்கு. பிரமாதம்!" என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரோ கூப்பிட, பக்கத்து அறைக்குப் போனார்.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இனி மறுபடி கூண்டின் மேல் நிற்கலாம். ஆனால் இத்தனை நாள் நம்பியவளை ஏமாற்றிய குற்றம் நெஞ்சை அறுத்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அறையில் இருந்தது ஃபைல் எடுத்து வைக்கும் நர்ஸ் மட்டும்தான்.

"சிஸ்டர், உண்மையைச் சொல்லிடறேன். முதல் நாள் தவிர அந்த நயாசினை நான் தொடவே இல்லை. முகம் சிவக்கணுமேன்னு தினம் ஏழு மாடி ஓடினேன். வெளிய என் வீட்டம்மா இருக்கா. பாவம், வெகுளி. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நர்ஸ் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நயாசினா? முதல் வாரமே உங்க வீட்டம்மா வந்து, 'தப்பித்தவறி முழுங்கினாலும் முகம் சிவக்காத மாத்திரையா மாத்திக் குடுங்க, ஆனா அவர்கிட்ட மூச்சு விடாதீங்க, மனுஷன் இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்காரு'ன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"