நான்கு பக்கமும் காற்று

கடைசித் தகரத்தை மாட்டி முடித்து டெரன்ஸ் ஏணியிலிருந்து இறங்கவும், முத்துச்செல்வம் அதைக் கழற்றச் சொல்லவும் சரியாக இருந்தது.

துறைமுகச் சாலையோரம் புதிதாக எழும்பிய இரும்பு ஷெட் அது. முத்துச்செல்வத்துக்கு நிலாவாரை இலை ஏற்றுமதி. வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து என்று வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள். வியாழக்கிழமை முதல் கன்டெய்னர் போக வேண்டும். இலை அதற்குள் ஷெட்டில் மலையாகக் குவிந்துவிட்டது.

கழற்றச் சொன்னதற்குக் காரணம் வடக்கே பக்கத்து மனை. அங்கே உப்பு வியாபாரி பிச்சையாவும் அதே அளவில் ஒரு ஷெட் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் தகரம் மாட்டுகிறவன் திரேஸ்புரத்து டெரன்ஸ்தான். பிச்சையாவின் ஷெட்டில் மற்ற பக்கமெல்லாம் அடைத்திருக்க, தெற்குப் பக்கம் மட்டும் முழுதாகத் திறந்து கிடந்தது. முப்பது வருடம் உப்பளத்தில் நின்ற மனிதர். காற்றின் குணம் அவருக்குத் தெரியாதா? போய்க் காரணம் கேட்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

முத்துச்செல்வம் மில்லர்புரத்தில் இருந்த தன் இன்ஜினியர் வேல்விழிக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் போட்ட பிளானில், சாலையைப் பார்த்த கிழக்குச் சுவரில் லாரி நுழைய ஒரு வாசல் மட்டும்தான்.

"அண்ணாச்சி, எந்தச் செவுரு எவ்வளவு தொறந்திருக்கும்னு முடிவு பண்ணிட்டுத்தான் தூணோட கனத்தையே போட்டிருக்கேன். ஒரு பக்கத்தை முழுசாத் தொறந்தா, உள்ள வந்த காத்து வெளிய போக வழியில்லாம கூரையைத் தூக்கும்."

முத்துச்செல்வம் இதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும், அவ்வளவுதானே. பிச்சையாவைப் போலவே தெற்குச் சுவரைக் கழற்றியதும் கூரை தடதடக்கத் தொடங்கியது. உடனே வடக்குச் சுவரில் இரண்டு தூணுக்கு நடுவே இருந்த தகரத்தை எடுக்கச் சொன்னார். டெரன்ஸ் எடுத்தான். கழற்றச் சொன்னால் கழற்றுவான், மாட்டச் சொன்னால் மாட்டுவான். கேட்காமல் வாயைத் திறக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால், பிச்சையாவின் வடக்குச் சுவரில் இரண்டு இடம் திறந்திருந்தது.

போகிற வழி சரிதான், நாம்தான் கஞ்சத்தனம் செய்துவிட்டோம் என்று முத்துச்செல்வத்துக்குப் பட்டது. மூன்று இடத்தைத் திறந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பிச்சையாவின் வடக்கில் சுவரே இல்லை. இவரும் மிச்சத்தைக் கழற்றினார்.

கூரை அடங்கியது. இலை கிளம்பியது.

ஆனி மாதத்துக் காற்று தெற்கே நுழைந்து, இலையை அள்ளிக்கொண்டு வடக்கே வெளியேறி, நேராகப் பிச்சையாவின் உப்பு மூட்டைகள் மேல் தூவியது. பிச்சையா வெளியே வந்து ஓர் இலையை விரலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இந்த ஷெட்டை மேலும் கீழும் பார்த்தார். கேலியாகப் பார்ப்பதாக முத்துச்செல்வத்துக்குத் தோன்றியது. இவர் தார்ப்பாயைப் போட்டுத் தன் இலையை மூடினார். தார்ப்பாய் வள்ளத்துப் பாயாக உப்பி, சுற்றிவைத்த கற்களை உருட்டிவிட்டது.

மேற்கையும் திறந்தால் காற்று இரண்டாகப் பிரிந்து வேகம் குறையும் என்று அவருக்கே ஒரு யோசனை வந்தது. திறந்தார். காற்று பிரியவில்லை, திசையை மட்டும் மாற்றி, இலையைச் சாலைக்கு இழுத்துப்போனது. அங்கே நின்ற ஏழெட்டு ஆடுகள் ஆசையாக மேய்ந்தன. சாயங்காலம் அந்த வழியே நடந்து போக யாருக்கும் மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை பிச்சையாவின் மேற்குச் சுவர் இல்லை, கிழக்கும் இல்லை. முத்துச்செல்வம் தனக்கு மிச்சமிருந்த ஒரே சுவரைப் பார்த்தார். பிறகு டெரன்ஸைக் கூப்பிட்டுக் கிழக்கைக் காட்டினார்.

பதினோரு மணிக்கு வேல்விழி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுற்றி வந்தாள்.

"அண்ணாச்சி, செவுரு எங்க?"

அவர் கூரையைப் பார்த்தார்.

கீழே உதிர்ந்து கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி அவர் கையில் வைத்தாள். தகரம் போனபின் இந்தத் தூண்களைச் சாயாமல் பிடித்திருப்பது ஓரங்களில் குறுக்கே போட்ட நாலு கம்பிகள்தான் என்றாள். சாயங்காலத்துக்குள் பிளானில் உள்ளபடி எல்லாவற்றையும் மாட்டாவிட்டால், கன்டெய்னருக்கு முன்னால் கூரை துறைமுகம் போய்ச் சேரும் என்றும் சொன்னாள். இலையில் பாதிதான் மிச்சம் இருந்தது.

முத்துச்செல்வம் தலையாட்டினார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"மாட்டிருதேம்மா. ஆனா அங்கன பாரு, அதுவும் இப்படித்தான நிக்கி. பிச்சையா அண்ணாச்சி பெரிய இன்ஜினியரா வச்சிருக்காரு போல. நீ அந்த இன்ஜினியர்ட்ட ஒரு வார்த்தை பேசினா நல்லது."

வேல்விழி, ஏணியைத் தூக்கிக்கொண்டு போன டெரன்ஸை நிறுத்தி, அந்த ஷெட்டுக்கு யார் இன்ஜினியர் என்று கேட்டாள்.

மூன்று நாளில் அவனிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. டெரன்ஸ் ஏணியை இறக்கிவைத்தான்.

"அவரு இன்ஜினியர்ட்ட எதையும் கேக்கதே இல்ல மேடம். தெக்குப் பக்கத்துக்கு இன்னும் தகரம் வந்து சேரல; மத்த மூணையும் நம்ம அண்ணாச்சியப் பாத்து, அவரவிட ஒருபடி கூடத்தான் கழட்டச் சொன்னாரு."