ஹாஸ்கின்ஸ் மாடிக் கொட்டகை

முதல் காட்சி முடிந்தும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பின்சுவரோரம் நின்ற லெமுவேல் ஹாஸ்கின்ஸ் ஒவ்வொரு முகமாக எட்டிப் பார்த்தார். இந்த மாடி நாடகக் கொட்டகைக்காக அப்பாவின் சோளக்காட்டையே விற்றிருந்தார். 'நாடகம்' என்றால் தேவாலயத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று 'ஆப்பரா மாளிகை' எனப் பெயர் வைத்தார். முதல் நாள் அனுமதி இலவசம் என்றார். ரயிலடியைப் பார்த்த பெரிய வாசலை மாடிப்படிக்கே கொடுத்துவிட்டு, கீழே மேசை நாற்காலியும் சவப்பெட்டியும் விற்று, இறுதிச் சடங்கும் நடத்தும் கோரம் என்பவரின் கடைக்குப் பின்சந்தில் வழி விட்டார்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. மாலை ரயிலில் வந்த வெளியூர் ஜனம். அத்தனை பேரும் கறுப்பு உடை, தொங்கிய முகம்.

"என்னய்யா ஊர் இது?" திரைமறைவில் குழுத்தலைவர் கிராண்டிசன் சீறினார். "செத்த மாதிரி நடிக்கிற கஞ்சன் கதைய்யா! சிகாகோவுல வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. இங்க சிரிப்பு வரலைன்னா, இனிமே ஒரு குழுவும் இந்த ஸ்டேஷன்ல இறங்காது. சொல்லிட்டேன்."

"பக்திமானுங்க, கூச்சப்படுறாங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்."

லெமுவேல் பின்வரிசைக்குப் போய்த் தாமே உரக்கச் சிரித்தார். மொத்தக் கூட்டமும் திரும்பி முறைத்தது.

"நீயெல்லாம் மனுசனாய்யா?" என்றார் ஒரு பெரியவர்.

இருட்டினால் கூச்சம் போகும் என்று விளக்குகளைத் தணித்தார். மேடையில் கஞ்சன் சவப்பெட்டிக்குள் படுத்தான். எங்கோ ஒரு விசும்பல் கிளம்பியது. வரிசை வரிசையாகப் பரவியது.

லெமுவேல் பியானோ வாசிக்கும் அம்மாளிடம் ஓடினார். "பியூலாம்மா, குஷியா ஏதாவது வாசிங்க!"

"எனக்குக் கோயில் பாட்டு மட்டும்தான் தெரியும்."

"அதையே வேகமா வாசிச்சுத் தொலைங்க!"

முதல் கட்டையைத் தொட்டதுமே கூட்டம் எழுந்து நின்று கண்ணீரோடு பாடியது. எழுந்து உட்கார வேண்டிய கஞ்சன் மிரண்டுபோய் அசையாமல் கிடந்தான். கிராண்டிசன் பாதியிலேயே திரையை இறக்கினார்.

"முடிஞ்சுது, ஹாஸ்கின்ஸ். இந்த மாடியில இனிமே வைக்கோலைப் போட்டு வை."

லெமுவேல் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்துவிட்டார். காடும் போயிற்று, கொட்டகையும் போயிற்று. கூட்டம் சத்தமில்லாமல் அவரைக் கடந்து இறங்கியது.

கடைசியாக வந்த, முகத்தில் கறுப்பு வலை தொங்கிய அம்மாள், அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"மனசுக்கு ரொம்ப ஆறுதலா செஞ்சீங்க, தம்பி. ஆனா பெட்டியில படுத்திருந்தது எங்க வீட்டுக்காரர் இல்லையே?"