டால்ட்டன் வீக்ஸின் இடது முழங்கால்

"டிராஃப்ட் என்ன ஆச்சு, பதி?" என்று தலைமைப் பொறியாளர் பெல்ரோஸ் கேட்டபோது உமாபதியின் வாயில் முக்கால் இட்லி இருந்தது.

அவசரமாக விழுங்கினான். "முடிஞ்சுது சார். காலையிலேயே உங்க மேஜை மேல வச்சுட்டேன்."

சாப்பாட்டு அறையே அதிர பெல்ரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததால் மேஜையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் உமாபதியும் சிரித்தான்.

"வரைபடத்தைக் கேக்கலை. பாஸ்கெட்பால் டிராஃப்ட்டைக் கேட்டேன். இந்த மாசக் கடைசியில வருதே! உங்க கணக்குல முதல் ஆளா யாரை எடுப்பாங்க?"

உமாபதிக்கு அன்றுவரை மூன்று டிராஃப்ட் தெரியும். மேஜையில் வரைவது ஒன்று, வங்கியில் வாங்குவது ஒன்று, ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர்காற்றாக வந்து முதுகைப் பிடித்துக்கொள்வது ஒன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் நெட்டைப் பையன்களை வருஷத்துக்கு ஒரு நாள் பெரிய அணிகள் வரிசையாக உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வதற்கும் அதே பெயர்தான் என்பது 1971 மார்ச் மாதம் அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

வினை ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. மான்ட்ரியல் நகரத்து சென்ட் லோரன்டில் விமான உதிரி பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு முதல் நாள் வேலைக்கு வந்தபோது, உமாபதியின் காதுகள் பனியில் மரத்துப்போயிருந்தன. பெல்ரோஸ் குள்ளமான மனிதர். ஆறடி இரண்டங்குலம் நின்ற உமாபதியைக் கீழிருந்து மேல் வரை ஏற இறங்கப் பார்த்து, "பாஸ்கெட்பாலா?" என்று கேட்டார். 'பயணம் சுகமா' என்று கேட்கிறார் என நினைத்து உமாபதி, "ரொம்ப நல்லா, சார்" என்று சொல்லிவைத்தான்.

அதிலிருந்து பிடித்தது சனி. பெல்ரோஸ் தினமும் மதியம் எதிரில் வந்து உட்கார்ந்து பாஸ்கெட்பால் பேசினார். ஊரே ஹாக்கி, ஹாக்கி என்று உயிரை விடும்போது இந்த மனிதருக்கு மட்டும் ஏன் இந்த ஆசை என்று உமாபதிக்கு விளங்கவில்லை. "ஆமா சார்", "அதானே சார்", "பாக்கலாம் சார்" என்ற மூன்று பதில்களை வைத்துக்கொண்டு இரண்டரை மாதம் ஓட்டிவிட்டான். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மூன்று மாதத் தகுதிகாண் காலம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கை பெல்ரோஸின் கை.

இப்போது அவர் கேட்டது பெயர். 'பாக்கலாம் சார்' செல்லாது.

உமாபதியின் பார்வை திக்குத் தெரியாமல் அலைந்து, கதவோரம் கிடந்த ஒரு மரப்பெட்டியில் போய் நின்றது. டால்ட்டன் என்ற கம்பெனியிலிருந்து வந்த பெட்டி. கீழே சரக்கு வந்துசேர ஆகும் காலம் எழுதியிருந்தது: மூன்று வீக்ஸ்.

"டால்ட்டன் வீக்ஸ்" என்றான் உமாபதி.

பெல்ரோஸ் இமைக்காமல் பார்த்தார். செத்தோம் என்று நினைத்தான்.

"வீக்ஸ்!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினார் பெல்ரோஸ். "நானும் அவனைத்தான் மனசுல வச்சிருந்தேன்!"

உமாபதிக்கு மூச்சு திரும்பியது. ஆனால் அதே மேஜையின் கோடியில் மணிவாசகம் இருந்தார். பத்து வருஷமாக அதே தொழிற்சாலையில் வரைபடப் பிரிவைக் கட்டி ஆள்பவர். பியர்பொன்ட்ஸ் புறநகரில் சொந்த வீடு, சொந்தக் கார். புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பையன் தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது அவரால் தாங்கமுடியாத விஷயம்.

தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு அவர் தொண்டையைக் கனைத்தார். "வீக்ஸ் நல்ல ஆட்டக்காரன்தான். இல்லேங்கலை. ஆனா இடது முழங்கால் சரியில்லை."

உமாபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரை காரில் கொண்டுவிட்ட மணிவாசகத்திடம் மெல்லக் கேட்டான். "அண்ணே, நிஜமாவே அப்படி ஒருத்தன் இருக்கானா?"

"என்ன கேள்வி தம்பி இது? நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னேன். ஆனா முழங்கால்..."

"பத்து வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். எனக்கு ஒரு முழங்கால் தெரியாதா?"

வீட்டில் அம்புஜம் கதவைத் திறந்ததுமே கணவன் முகத்தைப் படித்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஆபீஸ்ல டிராஃப்ட் பத்திப் பேச்சு."

அம்புஜத்தின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அமெரிக்காவில் டிராஃப்ட் வந்தால் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமுக்குப் போகவேண்டும் என்றும், அதற்குப் பயந்து எல்லை தாண்டி ஓடிவந்த பையன்கள் டவுன்டவுன் முழுக்க இருக்கிறார்கள் என்றும் மாடிவீட்டுக்காரி சொல்லியிருந்தாள். "ஐயோ, உங்களையா கூப்பிடறாங்க? இந்த உசரத்துக்கு மொதல் குண்டே உங்க மேலதான்!"

அவளுக்கு விளக்கிச் சொல்லவே சாப்பாட்டு நேரம் முழுதும் ஆனது. கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இல்லாத ஆளுக்கு எதுக்குங்க பயப்படணும்? ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

மறக்கவில்லை. ஒரே வாரத்தில் சாப்பாட்டு அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வீக்ஸ்தான் முதல் ஆள் என்பவர்கள் உமாபதி பக்கம். முழங்காலை நம்பி முதல் வாய்ப்பை வீணாக்கலாமா என்பவர்கள் மணிவாசகம் பக்கம். கடைசல் இயந்திரக்காரர்கள் ஹாக்கியை மறந்துவிட்டு வீக்ஸின் உயரத்தைப் பற்றி அடித்துக்கொண்டார்கள். ஆறடி பத்து என்றான் உமாபதி. ஆறடி ஒன்பதரைதான், மீதி செருப்பு என்றார் மணிவாசகம். இடது கையால் எறிந்தால் தப்பாது என்று ஒருநாள் உமாபதி சொன்னான். சொல்லிவிட்டு, அதை ரசித்து மேலும் இரண்டு வாக்கியம் பேசியதை நினைத்து அவனுக்கே பயமாக இருந்தது.

"போட்டியில எதிராளி வேகமா வந்தா இவன் திரும்பறதுக்குள்ள தீபாவளி வந்துடும்" என்றார் மணிவாசகம்.

"அதுக்குத்தான் அண்ணே அவன் திரும்பறதே இல்லை. பின்பக்கமாவே எறிவான்."

"பின்பக்கமாவா!" என்று வியந்தார் பெல்ரோஸ். உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆமாமா. பாஸ்டன்ல என் சிநேகிதன் ஒருத்தன் அதை நேர்லயே பாத்திருக்கான்" என்றார்.

நேரில் பார்த்திருக்கிறானா? அன்று உமாபதியால் மோர்மிளகாயைக்கூட மெல்ல முடியவில்லை. டிராஃப்ட் நாளன்று பெயர்ப் பட்டியல் பத்திரிகையில் வரும். அதில் வீக்ஸ் இருக்கமாட்டான். பிறகு வேலைக் கடிதத்தில் கையெழுத்து எப்படி விழும்?

ஒரே வழி, டிராஃப்ட்டுக்கு முன்பே வீக்ஸை ஒழித்துக்கட்டுவது. கொல்ல மனசு வரவில்லை. அவனை உண்டாக்கியவன் உமாபதிதானே.

மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "சார், மோசமான செய்தி. வீக்ஸுக்குக் கால் உடைஞ்சுபோச்சாம். இந்த வருஷம் டிராஃப்ட்டுக்கு வரமாட்டானாம்."

"நான் சொன்னேனா இல்லையா!" என்று எழுந்தே நின்றுவிட்டார் மணிவாசகம். "இடது கால்தானே?"

"இடதுதான் அண்ணே."

இதோடு தொலைந்தது என்று உமாபதி நினைத்தான். ஆனால் கடைசல் இயந்திரக்காரர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. மாலைக்குள் ஒரு பெரிய வாழ்த்து அட்டை வந்து இறங்கியது. 'விரைவில் எழுந்து நட, வீக்ஸ்' என்று நடுவில் எழுதி, சுற்றிலும் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மணிவாசகம் ஒரு படி மேலே போய் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவும் முறையை மூலையில் படத்தோடு வரைந்தார்.

அட்டை உமாபதியிடம் வந்தது. "விலாசம் எழுதுங்க, பதி."

"எனக்கு... விலாசம் தெரியாதே சார்."

பெல்ரோஸ் ஒரு நிமிஷம் தவித்தாற்போல இருந்தது. பிறகு அட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "நானே கண்டுபிடிச்சு அனுப்பறேன். நீங்க இதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க."

எட்டாம் நாள் பதில் வந்தது.

பெல்ரோஸ் சாப்பாட்டு அறையில் நாற்காலி மேல் ஏறி நின்று படித்தார். 'அன்புள்ள மான்ட்ரியல் நண்பர்களே, அட்டை கிடைத்தது. எண்ணெய் தடவுகிறேன். கால் தேறிவருகிறது. உயரமான இந்திய நண்பருக்குத் தனி வணக்கம். டால்ட்டன் வீக்ஸ்.' கடிதம் கைக்குக் கை போயிற்று. கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்து.

"முழங்கால் போனா கையெழுத்தும் கோணத்தான் செய்யும்" என்றார் மணிவாசகம். உமாபதி அவரைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அம்புஜத்துக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஒரே கலவரம்.

"அப்போ நிஜமாவே ஒரு பையன் இருக்கான்! நீங்க வாய் வச்சதால அவன் காலே போச்சு! கோயில்கூட இல்லாத ஊர்ல நான் எங்க போய்ப் பரிகாரம் பண்ணுவேன்?"

"அம்புஜம், அது பெட்டியில இருந்த பேர்..."

"முருகன் எந்தப் பெட்டியில வேணும்னாலும் பேர் எழுதுவான்." ஒரு கனடிய நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்தின் முன் வைத்தாள். "பையன் ஓடியாடி வெளையாடணும். பழனியில சேத்துடறேன்."

உமாபதி தர்க்கம் படித்தவன்தான். இருந்தாலும் அன்று விளக்கை நோக்கி ஒரு கும்பிடு போட்டான்.

டிராஃப்ட்டுக்கு முந்தின ஞாயிறு, பெல்ரோஸ் உமாபதியையும் அம்புஜத்தையும் மணிவாசகத்தையும் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். மணிவாசகம்தான் காரில் அழைத்துப்போனார். கட்டாயம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று உமாபதி முடிவு செய்திருந்தான். ஒரு பாவப்பட்ட பையனின் காலை உடைத்துவிட்டு எத்தனை நாள் சோறு இறங்கும்?

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும்" என்று சூப் வந்ததும் ஆரம்பித்தான்.

பெல்ரோஸின் முகம் வெளிறியது. "உண்மையெல்லாம் பி... பிறகு பேசலாம், பதி! இன்னும் கொஞ்சம் சூப்?"

"வீக்ஸைப் பத்தி, சார்..."

"ஆட்டம்! ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும்!" என்று அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி ஓடிப்போய்த் தொலைக்காட்சியைத் திருகினார். எல்லைக்கு அந்தப் பக்கம் பர்லிங்டனிலிருந்து புள்ளிப் புள்ளியாக ஒரு படம் வந்தது. அதற்குள் பத்து நெட்டையர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வாழ்நாளில் முதல்முறையாக உமாபதி பாஸ்கெட்பால் பார்த்தான். எப்போது கைதட்டுவது என்று தெரியவில்லை. ஓரக்கண்ணால் பெல்ரோஸைப் பார்த்தான். அவர் ஓரக்கண்ணால் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் ஒரு தட்டு தட்டினான். அவர் நாலு தட்டு தட்டினார். இவன் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். விருந்தாளிக்கு எவ்வளவு மரியாதை என்று உமாபதிக்கு நெஞ்சு உருகியது. மணிவாசகம் வம்பே வேண்டாம் என்று இரண்டு அணிக்கும் தட்டினார்.

நடுவர் விசில் ஊத, திடீரென்று ஆட்டம் நின்றது. ஒருவன் மட்டும் பந்தை வைத்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அந்தப் பையனை யாருமே தடுக்கலையே? ஏன்?" என்றாள் அம்புஜம்.

அறையில் மூன்று ஆண்கள். மூவரும் படத்தையே உற்றுப் பார்த்தார்கள்.

"யோசிக்கிறான்" என்றான் உமாபதி கடைசியில்.

"ஆழ்ந்த ஆட்டக்காரன்" என்றார் பெல்ரோஸ்.

"குறுக்கே போனா யோசனை கெட்டுடும்" என்றார் மணிவாசகம்.

ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெல்ரோஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்து உமாபதியின் கையில் வைத்தார். வேலை நிரந்தரக் கடிதம். கையெழுத்து போட்டிருந்தது. மூன்று நாள் முன்னதாகவே.

"எங்களை விட்டுப் போயிடாதீங்க, பதி" என்றார். அவர் கண்ணில் நீர் மினுங்கியது.

உமாபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படிப்பட்ட மனிதரையா ஏமாற்றினோம்? மணிவாசகமும் அம்புஜமும் காருக்குப் போனபின், கூடத்தில் கோட்டை எடுத்துத் தந்த பெல்ரோஸின் மனைவியிடம், "மதாம், உங்க கணவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்று தழுதழுத்தான்.

அந்த அம்மாள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இரு கைகளையும் கூப்பிக் கிசுகிசுத்தாள்:

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் முசியே, நாளையிலிருந்து தயவுசெய்து வேற ஏதாவது பேசுங்க, இவ்வளவு உசரமான உங்ககிட்ட பாஸ்கெட்பால் பேசலைன்னா நீங்க வேலையை விட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்து, ஆட்டத்தைக் கண்ணாலகூடப் பாக்காத மனுஷன் மூணு மாசமா பத்திரிகையை மனப்பாடம் பண்றார், போன வாரம் அந்த வீக்ஸோட கடிதத்தை வேற என்னை இடது கையால எழுத வச்சார்!"